கோடை இடிமழையும் முன்னறிவிப்பும்

கோடை மழை நாஞ்சில் நாட்டு உழவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் ஆகும். கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூச் சாகுபடிக்காக வயலை உழுது பண்படுத்தும் வேளையில் பெய்யும் ஒவ்வொரு மழையும் நிலத்திற்கு ஈரத்தையும் உழவருக்கு ஊக்கத்தையும் அளிக்கின்றது. தென்னைக்கும், வாழைக்கும், ரப்பருக்கும் வெயிலின் வாட்டத்தைத் தணிப்பதும் அம்மழையே. எனினும், சில மாலைப் பொழுதுகளில் அதே மேகம் சூறைக்காற்றையும் இடியையும், எப்போதாவது ஆலங்கட்டியையும் உடன் கொண்டுவருகின்றது. பதினைந்து நிமிடக் காற்றில், பத்து மாதம் பிள்ளையைப் போல் பேணி வளர்த்த வாழைத் தோட்டம் தரையோடு சாய்ந்துவிடுகின்றது. நிலத்தைப் பாட்டத்திற்கு எடுத்து, கடன் வாங்கிப் பயிர்செய்த குடும்பத்திற்கு அது ஓராண்டு வருமானம் முழுவதையும் இழப்பதாகும். வயலில் நின்றவர்மேல் மின்னல் தாக்கினாலோ, அவ்விழப்பை எந்த நிவாரணத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

இத்தகைய இடிமழையை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியுமாயின், எவ்வளவு நேரத்திற்கு முன்? அறிந்தபின் நாம் செய்யவேண்டியது யாது? இவ்வினாக்களுக்குப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர் பெருமக்களும் தெளிவான விடை அறிந்திருத்தல் நலம்.

மேகம் திரளும் விதம்

இடிமேகம் உண்டாவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். முதலாவது, நிலத்தை ஒட்டிய காற்றில் நிறைந்த ஈரம். இரண்டாவது, கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியுமாக அமைந்து, எழும்பும் காற்று மேலும் மேலும் எழும்பத்தக்க நிலை. மூன்றாவது, அக்காற்றை முதன்முதலில் மேலே தள்ளிவிடும் ஒரு விசை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இம்மூன்றும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் எளிதிற் கூடுகின்றன. ஒரு புறம் அரபிக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா, தெற்கே இந்துமாக் கடல் என மூன்று பக்கமும் நீர் சூழ்ந்திருப்பதால் ஈரத்திற்குக் குறைவில்லை. கடும் வெயிலில் நிலம் சூடேறுகின்றது. முற்பகலுக்குப் பின் கடற்காற்று உள்நாட்டை நோக்கி வீசி, வடக்கிலும் கிழக்கிலும் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின்மீது மோதி மேலெழுகின்றது. ஆதலால்தான் நண்பகல் வேளையில் மகேந்திரகிரியின் மீதும், கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலைகளின் மீதும் வெண்மேகங்கள் குவியத் தொடங்குகின்றன. பிற்பகலில் அவை கறுத்து, மாலையில் சமவெளியை நோக்கி இறங்குகின்றன. மலையைப் பார்த்து மழையைச் சொல்லும் வழக்கம் நம் முன்னோர்களிடம் இருந்ததற்குத் தக்க காரணம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

தென்மேற்குப் பருவமழை நன்கு நிலைபெற்றபின் வானம் மூடிக்கிடப்பதால் நிலம் அவ்வளவாகச் சூடேறுவதில்லை, இடியும் குறைந்துவிடுகின்றது. மீண்டும் ஐப்பசியில் இடிமழை தலைகாட்டும். இங்கு கூறும் எச்சரிக்கைகள் அப்பருவத்திற்கும் பொருந்தும்.

காற்றும் ஆலங்கட்டியும்

மேகத்தினுள் காற்று மேலே விரைவது போலவே, மழை பெய்யத் தொடங்கியதும் குளிர்ந்த காற்று கீழேயும் விரைகின்றது. விழும் மழைத்துளிகள் காற்றை இழுத்துக்கொண்டு வருகின்றன. வழியில் துளிகளின் ஒரு பகுதி ஆவியாகும்போது காற்று மேலும் குளிர்ந்து கனமடைகின்றது. இவ்வாறு இறங்கும் காற்று தரையில் மோதியதும், குடத்து நீரைக் களத்தில் கவிழ்த்தாற் போல நாற்புறமும் பாய்கின்றது. இதுவே வாழையைச் சாய்ப்பதும், ஓட்டைப் பெயர்ப்பதும், ரப்பர் மரத்தை முறிப்பதுமாகிய சூறைக்காற்று. இது மழைக்கு முன்னதாகவே வந்து சேரும். புழுக்கம் மிகுந்த மாலையில் திடீரெனக் குளிர்ந்த காற்று வீசுமாயின், அதனை இன்பமென எண்ணி வயலில் நிற்றல் கூடாது. சூறைக்காற்று வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆலங்கட்டி உண்டாவது மேகத்தின் மேற்பகுதியில். அங்கு உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாதிருக்கும் நீர்த்துளிகள் ஒரு சிறு பனித்துகள்மீது படிந்து உறைகின்றன. மேலெழும் காற்று அதனைத் தாங்கி நிற்கும் வரை அது பருத்துக்கொண்டே போகும். காற்று தாங்கமாட்டாத எடையை அடைந்ததும் கீழே விழும். நமது தென்கோடியில் உறைநிலை தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு தூரம் வெப்பமான காற்றினூடே விழுவதால் சிறு கட்டிகள் வழியிலேயே உருகிப் பெருந்துளி மழையாகிவிடுகின்றன. ஆகவே இம்மாவட்டச் சமவெளியில் ஆலங்கட்டி அரிது. காற்றும் மின்னலுமே நமக்குப் பெரும் பகை.

வட இந்தியாவின் நிலை வேறு. 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் உயிரிழந்தனர். ஆலங்கட்டியால் நேர்ந்த உயிரிழப்புகளில் உலகிலேயே மிகப் பெரியது அதுவே என்று உலக வானிலை அமைப்பு பதிவு செய்துள்ளது. 2018 மே மாதத் தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் இரவில் வீசிய புழுதிச் சூறாவளியிலும் இடிமழையிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் சுவர்களும் மரங்களும் வீழ்ந்தது அதற்குப் பெருங்காரணம் ஆயிற்று.

வானை அளந்தோர்

நாஞ்சில் நாட்டு வானிலையை அளக்கும் முயற்சி புதியதன்று. இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1837-ல், சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1850-களில் அதன் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரௌன், அகத்தியர் மலை உச்சியிலும் கருவிகளை அமைத்து, காடும் அட்டையும் மழையும் நிறைந்த அவ்விடத்தில் அளவுகளைப் பதியச் செய்தார். 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியது.

எனினும், இடிமழையை முன்கூட்டி உரைத்தல் நெடுங்காலம் இயலாத காரியமாகவே கருதப்பட்டது. 1948 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாகாணத்திலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தைச் சுழற்காற்று தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அங்கு பணியாற்றிய ஃபாபுஷ், மில்லர் என்னும் இரு அதிகாரிகள், அன்றைய காற்றின் நிலையை ஆராய்ந்து வைத்திருந்தனர். ஐந்து நாட்களுக்குப் பின், மார்ச் 25 அன்று, வானம் அதே நிலையில் இருப்பதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தனர். அன்று மாலை மீண்டும் சுழற்காற்று வந்தது. எச்சரிக்கையால் முன்னேற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. முன்னறிவிப்பின் அடிப்படை இந்நிகழ்ச்சியில் விளங்குகின்றது. எந்த மேகம் எங்கே பிறக்கும் என்று வானிலை அறிஞர் முதலிற் சொல்லுவதில்லை. இடிமேகத்தைப் பெற்றெடுக்க இன்று வானம் ஆயத்தமாக உள்ளதா என்பதையே அவர் முதலில் ஆராய்கின்றார்.

அவ்வாராய்ச்சிக்காகத் திருவனந்தபுரம் முதலிய நிலையங்களிலிருந்து கருவி பொருத்திய பலூன்கள் விண்ணில் விடப்படுகின்றன. அவை மேலே செல்லச் செல்ல வெப்பம், ஈரம், காற்றின் திசை ஆகியவற்றை வானொலி அலைகளால் அறிவிக்கின்றன. செயற்கைக்கோள் மேகங்களைப் படம் பிடிக்கின்றது. கணிப்பொறி இவ்விவரங்களையெல்லாம் கொண்டு வரும் நாட்களின் வானிலையைக் கணிக்கின்றது. மேகம் பிறந்தபின் அதைத் தொடர்ந்து கவனிப்பது ராடார். அது அனுப்பும் அலைகள் மழைத்துளியிலும் ஆலங்கட்டியிலும் பட்டுத் திரும்புகின்றன. டாப்ளர் ராடார், துளிகள் எவ்வேகத்தில் நெருங்குகின்றன அல்லது விலகுகின்றன என்பதையும் காட்டுவதால், மேகத்தினுள் வீசும் காற்றையும் அறிய முடிகின்றது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், இத்தகைய ராடார் ஒன்று அமைந்துள்ளது.

முன்னறிவிப்பின் மூன்று படிகள்

இடிமழை பற்றிய செய்தி நமக்கு மூன்று படிகளில் கிடைக்கின்றது.

முதற்படி, நாள் முன்னறிவிப்பு. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வரும் சில நாட்களுக்கு வெளியிடுவது இது. ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழையும் பலத்த காற்றும் இருக்கக்கூடும்’ என்று இது கூறும். மாவட்டத்தில் எங்கோ நிகழலாம் என்பதே இதன் பொருள்; நமது ஊரில் நிச்சயம் நிகழும் என்பதன்று.

இரண்டாம் படி, அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி அறிவிப்பு. ராடாரில் மேகங்களைக் கண்டபின் இது வெளியாகின்றது. காற்றின் வேகம் மணிக்கு 41 முதல் 61 கிலோமீட்டர் வரை இருக்குமாயின் மிதமான இடிமழை என்றும், 62 முதல் 87 வரை இருக்குமாயின் கடுமையான இடிமழை என்றும் வகுப்பர். மஞ்சள் நிறம் கவனமாக இருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாக இருக்கவும், சிவப்பு நிறம் உடனே செயலில் இறங்கவும் கூறுவதாகும்.

மூன்றாம் படி, நம் கண்ணும் காதும் தரும் செய்தி. மலைமேல் மேகம் கோபுரம் போல் உயர்தல், அதன் உச்சி கொல்லனின் பட்டடைக்கல்லைப் போல் தட்டையாகப் பரவுதல், அடிப்பாகம் கறுத்து நம்மை நோக்கி வருதல், இடியோசை கேட்டல் ஆகியன இவ்வடையாளங்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் கைபேசிச் செயலி, அருகில் மின்னல் நிகழ்வதை அறிவித்து இதற்குத் துணைபுரிகின்றது.

முன்னறிவிப்பின் எல்லை

கடலில் தோன்றும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தது. பல நாட்கள் வாழ்வது. அதன் பாதையைப் பெரும்பாலும் முன்பே வரைய முடிகின்றது. அத்தகைய புயலிலும்கூட, 2017-ல் வந்த ஒக்கிப் புயல் நவம்பர் 29-ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாக வலுத்துவிட்டதையும், இம்மாவட்டம் அடைந்த துயரத்தையும் நாம் மறக்கவில்லை. தனியொரு இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உடையது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் பிறந்து, பெய்து, கரைந்துவிடுவது. பூதப்பாண்டியில் கொட்டித் தீர்க்கும் மாலையில் மயிலாடியில் தூறலும் இல்லாதிருத்தல் இதனாலேயே.

ஆகவே, எச்சரிக்கை வந்தும் நமது ஊரில் ஒன்றும் நேராத நாட்கள் பல இருக்கும். அதுகண்டு, ‘இவர்கள் சொல்வது நடப்பதில்லை’ என்று அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வது பெருந்தவறு. பக்கத்து ஊரில் அது நடந்திருக்கக்கூடும். எச்சரிக்கை எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு செலவும் உழைப்பும் அதன்பொருட்டு மேற்கொள்வதே அறிவுடைமை. நாள் முன்னறிவிப்புக்காக வேலையை நிறுத்தவேண்டுவதில்லை. மாலை வேலையைக் காலைக்கு மாற்றினாற் போதும். மூன்று மணி நேர அறிவிப்புக்கு, களத்திலுள்ள தானியத்தை மூடி, கால்நடைகளைக் கொட்டிலுக்குக் கொண்டுவரலாம். இடியோசை கேட்டபின் எவ்வேலையாயினும் விட்டுவிட்டு வீடு சேரவேண்டும்.

பயிர்க் காப்பு பருவத்திற்கு முன்னே

இங்கு ஒரு முக்கியமான உண்மையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆயிரம் வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட எவராலும் முடியாது. உயிரைக் காப்பது எச்சரிக்கை வந்தபின் செய்யத்தக்க வேலை. பயிரைக் காப்பதோ பருவம் வருமுன்னரே செய்து முடிக்கவேண்டிய வேலை.

வாழைக்கு ஆணிவேர் இல்லை. அதன் தண்டு இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியமைந்தது. மரத்தின் வலிமை அதற்கு இல்லை. ஏத்தன் வாழை குலை தள்ளியபின் தலைப்பாரம் கூடி, சிறு காற்றுக்கும் சாயும் நிலையை அடைகின்றது. ஆகவே, குலை தள்ளும் முன்பே மூங்கிலோ சவுக்கோ கொண்டு, சாயும் பக்கத்தில் இரு கம்புகளைக் கத்தரிக்கோல் போல் நிறுத்தி உறுதியாகக் கட்டவேண்டும். தூரில் மண் அணைக்கவேண்டும். காய்ந்த இலைகளை நீக்கினால் காற்றின் பிடிப்பு குறையும். நீர் தேங்கி இளகிய மண்ணில் வேர் எளிதிற் பெயர்ந்துவிடும். ஆதலால் வடிகால் அவசியம். பலத்த காற்று வருமென்று அறிவித்த நாட்களில் நீர் பாய்ச்சுவதை ஒத்திவைக்கலாம்; முற்றிய குலைகளை வெட்டியும் எடுத்துவிடலாம்.

ரப்பர் மரம் எளிதில் முறியும் இயல்புடையது. இடி முழங்கும் வேளையில் பால் எடுக்கத் தோட்டத்தினுள் செல்லுதல் கூடாது. வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மரக்கிளைகளைப் பங்குனிக்கு முன்பே வெட்டிவிடுதல் நன்று. தகரக் கூரைகளை உத்தரத்தோடு இறுகப் பிணைத்துவைக்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு செய்தோர், ஆலங்கட்டி, வெள்ளம் போன்ற உள்ளூர்ச் சேதங்களை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. தம் பயிருக்கு எவ்வகைச் சேதம் காப்பில் அடங்கும் என்பதைப் பதிவு செய்யும்போதே வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறிந்து கொள்வது நலம்.

மின்னலிலிருந்து உயிர்க் காப்பு

மின்னலைக் கண்டது முதல் இடி கேட்கும் வரை எண்ணிப் பாருங்கள். ஒலி 3 விநாடியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் செல்லும். 30 விநாடிக்குள் இடி கேட்குமாயின் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கின்றது. அடுத்தது நம்மீதே விழலாம். உடனே உறுதியான வீட்டினுள்ளோ, மூடிய பேருந்து அல்லது காரினுள்ளோ செல்லவேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வருதல் கூடாது.

தனித்து நிற்கும் தென்னை, பனை ஆகியவற்றின் அடியில் ஒதுங்குதல் பேராபத்து. வயல்வெளியில் நிற்கும் குடிசையும் காப்பாகாது. 1975-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், மழைக்கு ஒரு குடிசையில் ஒதுங்கிய 21 பேர் ஒரே மின்னலில் மாண்டனர். குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கி நிற்றல் கூடாது. மின்மோட்டாரையும் கம்பிவேலியையும் தொடுதல் ஆகாது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தயக்கமின்றித் தொட்டு உதவலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் முதலுதவியைத் தொடங்கி, 108 ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பவரிடம் மட்டும், மின்சாரம் நிறுத்தப்பட்டதென உறுதியாகும் வரை நெருங்குதல் கூடாது.

பஞ்சாயத்தின் கடமை

ராடார் கண்டதும், சென்னை அறிவித்ததும், கைபேசியில் வந்ததும் வயலில் களை பறிக்கும் தாய்மாரை எட்டாவிடில் என்ன பயன்? அவர்கள் கைபேசியை வரப்பில் வைத்துவிட்டு வேலையில் இருப்பர். அறிவிப்புக்கும் வயலுக்கும் இடையிலுள்ள அக்கடைசித் தூரத்தைக் கடந்து செய்தியைச் சேர்ப்பது பஞ்சாயத்தால் இயலும்.

ஒவ்வொரு வார்டிலும் இருவரை இப்பொறுப்புக்கு நியமித்தல் நன்று. பங்குனி முதல் வைகாசி வரை, நாள்தோறும் நண்பகலிலும் பிற்பகலிலும் மூன்று மணி நேர அறிவிப்பை அவர்கள் பார்க்கவேண்டும். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால், ஊரின் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்க நிர்வாகிகளிடம் முன்னதாகவே இசைவு பெற்றிருக்கவேண்டும். செய்தி சுருக்கமாக இருத்தல் வேண்டும்: எங்கே, எப்போது, என்ன செய்யவேண்டும் என்னும் மூன்றும் அதில் இருந்தாற் போதும். ஊரக வேலைத் திட்டப் பணியிடங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் ஆள் அனுப்பியேனும் தெரிவிக்கவேண்டும். சேதம் நேர்ந்தால் 1077 என்னும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தகவல் தரவேண்டும்.

அன்றியும், ஒரு பதிவேடு வைத்திருத்தல் மிகுந்த பயன் தரும். எந்நாளில், எந்நேரத்தில், எத்திசையிலிருந்து காற்று வந்தது, எச்சரிக்கை எப்போது கிடைத்தது, எத்தனை வாழை சாய்ந்தது என்பனவற்றைக் குறித்துவந்தால், சில ஆண்டுகளில் நமது ஊரின் காற்றுப் பாதை நமக்கே புலப்படும். எந்தத் தோட்டத்திற்கு முதலில் காற்றுத்தடுப்பு மரம் வைக்கவேண்டும், எந்தப் பள்ளிக் கூரையை முதலில் பழுதுபார்க்கவேண்டும் என்று கிராம சபையில் முடிவு செய்ய அது துணைநிற்கும்.

இடிமேகத்தைத் தடுத்து நிறுத்தும் வல்லமை எவருக்கும் இல்லை. அதன் வரவை நாட்கணக்கில் துல்லியமாகச் சொல்லும் கருவியும் இல்லை. ஆயினும், பருவத்திற்கு முன் செய்யத்தக்க காப்பும், கடைசி மூன்று மணி நேரத்தில் பரப்பத்தக்க எச்சரிக்கையும் நம் கையில் உள்ளன. இவ்விரண்டையும் ஒழுங்காகச் செய்யும் ஊரில், கோடை மழை மீண்டும் உழவர் விரும்பி எதிர்நோக்கும் மழையாகவே இருக்கும்.